நூறாண்டு காத்திருந்த மருந்து: ஃபேஜ் சிகிச்சையின் வரலாறு

ஒரு மருந்து கண்டறியப்படுவதும், சிலகாலம் போற்றப்படுவதும், அதனினும் சிறந்தது வந்தவுடன் மறக்கப்படுவதும் மருத்துவ வரலாற்றில் இயல்பானவை. மறக்கப்பட்ட மருந்தொன்று நூறாண்டு கழித்து மீண்டும் நோயாளியின் படுக்கையருகே அழைத்து வரப்படுவதோ மிக அரிது. ஃபேஜ் சிகிச்சை அத்தகைய அரிய வரலாற்றை உடையது. 1919-இல் பாரிஸ் நகரில் ஒரு சிறுவனுக்குக் கொடுக்கப்பட்ட மருந்து, 2018-இல் லண்டன் நகரில் ஒரு சிறுமிக்கு ஏறத்தாழப் புதுமருந்து போலவே கொடுக்கப்பட்டது. இடைப்பட்ட நூறாண்டில் அம்மருந்துக்கு என்ன நேர்ந்தது? அதனை அழியாமல் காத்தவர் யாவர்? இவ்விரு வினாக்களுக்கும் விடை காண்பதே இவ்வுரையின் நோக்கம்.

உப்புக்கரிக்கும் நெற்றி

முதலில் நோயை அறிந்துகொள்வோம். முத்தமிடும்போது நெற்றி உப்புக்கரிக்கும் குழந்தை நீண்டநாள் வாழாது என்றொரு பழைய நம்பிக்கை ஐரோப்பாவில் இருந்தது. அந்நம்பிக்கைக்குப் பின்னால் ஒரு மெய்யான நோய் இருந்தது என்பது இருபதாம் நூற்றாண்டில்தான் தெளிவாயிற்று. நியூயார்க் நகரின் மருத்துவர் டாரதி ஆண்டர்சன் 1938-இல் அந்நோயைத் தனியொரு நோயாகப் பிரித்து விளக்கினார். இறந்த குழந்தைகளின் கணையத்தில் நீர்ப்பைகளும் தழும்புத் திசுவும் இருக்கக் கண்டு அதற்குச் சிஸ்டிக் ஃபைப்ரோசிஸ் என்று பெயர் வழங்கினார். 1948-இல் நியூயார்க்கில் கடும் வெப்பம் நிலவியபோது இந்நோயுடைய குழந்தைகள் பலர் நீரிழப்பால் வாடினர். அதனை ஊன்றி நோக்கிய பால் டி சாண்டக்னீஸ், இவர்களின் வியர்வையில் உப்பு மிகுதியாக வெளியேறுவதை 1953-இல் எடுத்துக்காட்டினார். 1989-இல் லாப்-சீ சுய், ஃபிரான்சிஸ் காலின்ஸ், ஜான் ரியோர்டன் ஆகியோரின் ஆய்வுக் குழுக்கள் இந்நோய்க்குக் காரணமான மரபணுவை ஏழாம் குரோமோசோமில் கண்டறிந்தன.

தாய், தந்தை இருவரிடமிருந்தும் பழுதுற்ற மரபணுவைப் பெறும் குழந்தைக்கே இந்நோய் வருகிறது. உயிரணுவின் சவ்வில் உப்பும் நீரும் கடந்துசெல்லும் வாயில் ஒன்று சரியாக அமையாமையால், நுரையீரலில் ஊறும் சளி நீர்த்தன்மை இழந்து பிசின்போல் கெட்டியாகிறது. நம் நுரையீரலுக்குள் புகும் கிருமிகளை மெல்லிய சளிப்படலம் மேல்நோக்கித் தள்ளி வெளியேற்றிக்கொண்டே இருக்கிறது. இந்நோயாளிகளிடம் அப்படலம் நகர்வதில்லை. சூடோமோனாஸ் எருஜினோசா போன்ற பாக்டீரியாக்கள் அங்கே குடிபுகுந்து ஆண்டுக்கணக்கில் தங்கிவிடுகின்றன. அவற்றை அடக்க நுண்ணுயிர் எதிர்ப்பு மருந்துகளைத் திரும்பத் திரும்பக் கொடுக்கவேண்டியுள்ளது. ஒவ்வொரு முறையும் மருந்துக்குத் தப்பிய பாக்டீரியாக்களே பெருகுகின்றன. இறுதியில் எம்மருந்துக்கும் அசையாத ஒரு கூட்டம் நுரையீரலில் எஞ்சுகிறது. 2019-ஆம் ஆண்டில் மருந்துக்குக் கட்டுப்படாத பாக்டீரியாக்களால் நேரடியாக நேர்ந்த மரணங்கள் உலகளவில் ஏறத்தாழ 12 இலட்சத்து 70 ஆயிரம் என்று பன்னாட்டு ஆய்வொன்று மதிப்பிட்டது. அப்பெருந்துயரின் சிறுவடிவத்தைச் சிஸ்டிக் ஃபைப்ரோசிஸ் நோயாளி ஒருவரின் நெஞ்சுக்குள்ளேயே காணலாம்.

கண்ணுக்குத் தெரியாத பகைவன்

இனி மருந்தின் வரலாற்றுக்கு வருவோம். ஆக்ராவில் பணியாற்றிய ஆங்கிலேய அறிவியலாளர் எர்னஸ்ட் ஹான்கின், கங்கை, யமுனை ஆறுகளின் நீர் காலராக் கிருமியைக் கொல்கிறது என்று 1896-இல் எழுதினார். அந்நீரைக் கொதிக்கவைத்தால் அவ்வாற்றல் மறைந்தது என்றும் குறித்தார். அவர் கண்டது ஃபேஜ்களின் செயலே என்று பலகாலம் சொல்லப்பட்டு வந்தது. ஆயினும் அதனை ஐயுறும் ஆய்வாளர்களும் உளர். ஆதலின் அதனை முன்னோடிக் குறிப்பு என்று கொள்வதே முறை.

1915-இல் லண்டன் ஆய்வாளர் ஃபிரடெரிக் ட்வர்ட், தாம் வளர்த்த பாக்டீரியாத் திட்டுகள் சில கண்ணாடிபோல் தெளிந்து மடிவதைக் கண்டார். அத்தெளிவு ஒரு திட்டிலிருந்து மற்றொன்றுக்குத் தொற்றவும் செய்தது. காரணம் மிக நுண்ணிய ஒரு வைரஸாக இருக்கலாம் என்று ஊகித்தார். ஆனால் போர்க்காலப் பணியும் பொருட்பற்றாக்குறையும் அவரது ஆய்வைத் தொடரவிடவில்லை.

இரண்டாண்டு கழித்து, பாரிஸின் பாஸ்டர் ஆய்வு நிறுவனத்தில் பணியாற்றிய ஃபெலிக்ஸ் டெரெல் அதே நிகழ்ச்சியைத் தாமாகவே கண்டறிந்தார். இவர் முறையான மருத்துவப் பட்டம் பெறாதவர். பெரும்பாலும் தம் முயற்சியால் கற்றவர். வயிற்றுக்கடுப்பால் வருந்திய போர்வீரர்களின் கழிவை நுண்வடிகட்டியில் வடித்து, வடிந்த நீரை வயிற்றுக்கடுப்புப் பாக்டீரியாவோடு கலந்தார். பாக்டீரியாக்களால் கலங்கியிருந்த குழம்பு தெளிந்தது. வடிகட்டியையும் கடந்துசெல்லக்கூடிய ஏதோவொன்று பாக்டீரியாவை அழித்தது என்று உணர்ந்து, 1917 செப்டம்பரில் பிரெஞ்சு அறிவியல் கழகத்திற்கு அதனை அறிவித்தார். அதற்கு அவர் இட்ட பெயரே பாக்டீரியோஃபேஜ்.

அப்பெயரின் பிற்பகுதி 'உண்ணுதல்' என்னும் பொருள்தரும் கிரேக்கச் சொல்லின் அடியாகப் பிறந்தது. தமிழில் 'பாக்டீரியாத் தின்னி' என்று வழங்கினால் பொருள் பொருந்தும். ஆயினும் செயல் அவ்வாறன்று. ஃபேஜ் எதனையும் தின்பதில்லை. அது ஒரு வைரஸ். தனக்குரிய பாக்டீரியாவின் மேற்பரப்பில் அமர்ந்து, தன் மரபுப்பொருளை மட்டும் உள்ளே செலுத்துகிறது. அதன்பின் அந்தப் பாக்டீரியா தன் வேலையை மறந்து ஃபேஜின் படிகளைச் செய்யும் பட்டறையாகிறது. முடிவில் அதன் சுவர் உடைந்து, புதிய ஃபேஜ்கள் வெளிவந்து அடுத்த பாக்டீரியாவைத் தேடுகின்றன. பாக்டீரியா இருக்குமளவும் பெருகி, அது தீர்ந்ததும் தானும் அடங்கும் மருந்து இது.

பூட்டும் திறவுகோலும் போல, ஒவ்வொரு ஃபேஜும் சில பாக்டீரியாக்களை மட்டுமே தாக்கும். மனித உயிரணுவை அது தொடுவதில்லை. ஒரே இனப் பாக்டீரியாவில்கூட ஒரு வகையை அழிக்கும் ஃபேஜ் மற்றொரு வகையை விட்டுவிடக்கூடும். இப்பண்பை நினைவிற்கொள்க. இம்மருந்தின் வீழ்ச்சிக்கும் மீட்சிக்கும் இதுவே காரணமாயிற்று.

புகழும் வீழ்ச்சியும்

1919-இல் பாரிஸ் குழந்தைகள் மருத்துவமனையில் கடும் வயிற்றுக்கடுப்பால் வருந்திய பன்னிரண்டு வயதுச் சிறுவனுக்கு டெரெல் தம் மருந்தைக் கொடுத்தார். அதற்குமுன் தாமும் உடன் பணியாற்றியோரும் அதனை அருந்தித் தீங்கில்லை என்று உறுதிசெய்தார். சிறுவன் தேறினான். 1920-களில் இப்புகழ் உலகெங்கும் பரவியது. எகிப்தில் பிளேக் நோயாளிகளுக்கும், இந்தியாவில் காலரா நோயாளிகளுக்கும் ஃபேஜ் கொடுக்கப்பட்டது. அசாமிலும் பாட்னாவிலும் அதற்கென விரிவான ஆய்வுகள் நடைபெற்றன. ஐரோப்பாவிலும் அமெரிக்காவிலும் மருந்து நிறுவனங்கள் ஃபேஜ் மருந்துகளை விற்கத் தொடங்கின.

வணிகத்தின் விரைவுக்கு அறிவியல் ஈடுகொடுக்கவில்லை. விற்பனைக்கு வந்த குப்பிகள் பலவற்றில் உயிருள்ள ஃபேஜ்கள் போதிய அளவில் இல்லை. கெடாமல் இருக்கச் சேர்க்கப்பட்ட பொருள்களே சிலவற்றில் ஃபேஜ்களைக் கொன்றன. உடைந்த பாக்டீரியாக்களின் நச்சு நீக்கப்படாமையால் சிலருக்குக் காய்ச்சல் கண்டது. யாருக்கு எந்தப் பாக்டீரியா என்று ஆராயாமல் எல்லார்க்கும் ஒரே மருந்து கொடுக்கப்பட்டது. திறவுகோலைப் பாராமல் பூட்டைத் திறக்க முயன்றால் என்னவாகும்? மேலும், ஃபேஜ் ஓர் உயிர்த்துகளா, வெறும் நொதியா என்பதிலேயே அறிஞர்கள் உடன்படவில்லை. எலக்ட்ரான் நுண்ணோக்கி வழியாக 1940-இல்தான் அதன் உருவம் கண்ணுக்குப் புலனாயிற்று. அதற்கு ஆறாண்டு முன்னரே, 1934-இல், அமெரிக்க மருத்துவச் சங்கத்தின் வேண்டுகோளுக்கிணங்க ஈட்டனும் பேய்ன்-ஜோன்ஸும் அளித்த அறிக்கை, ஃபேஜ் சிகிச்சைக்கான சான்றுகள் பெரும்பாலும் போதியவையல்ல என்று முடிவுசெய்துவிட்டது.

பின்னர்ப் பெனிசிலின் வந்தது. பல பாக்டீரியாக்களை ஒருசேரக் கொல்லும் மருந்து கைக்குக் கிட்டியபின், நோயாளிதோறும் பொருத்தம் தேடவேண்டிய ஃபேஜை யார் நாடுவர்? பெனிசிலினைக் கண்டறிந்த அலெக்சாண்டர் ஃபிளெமிங், குறைந்த அளவில் அதனைக் கொடுத்தால் பாக்டீரியாக்கள் எதிர்ப்பாற்றல் பெற்றுவிடும் என்று 1945-இல் தம் நோபல் உரையிலேயே எச்சரித்தார். அவ்வெச்சரிக்கையைச் செவிமடுத்தோர் சிலரே.

காத்தவர்கள்

மேலைநாடுகள் கைவிட்டதை எல்லாரும் கைவிட்டுவிடவில்லை. ஜார்ஜியா நாட்டைச் சேர்ந்த ஜார்ஜி எலியாவா, பாரிஸில் டெரெலிடம் பழகி ஃபேஜ் ஆய்வில் ஈடுபட்டவர். அவர் 1923-இல் திபிலீசி நகரில் பாக்டீரியா ஆய்வு நிறுவனம் ஒன்றை நிறுவினார். 1930-களின் நடுவில் டெரெலும் அங்குச் சென்று பணியாற்றினார். 1937-இல் ஸ்டாலின் ஆட்சியின் அடக்குமுறைக்கு எலியாவா பலியானார்; அவர் சுட்டுக் கொல்லப்பட்டார். டெரெல் பின்னர் அந்நாட்டுக்குத் திரும்பவேயில்லை. நிறுவியவர் மறைந்தும் நிறுவனம் மறையவில்லை. சோவியத் படைவீரர்களின் புண்களுக்கும் பொதுமக்களின் வயிற்றுநோய்களுக்கும் ஃபேஜ் மருந்துகள் அங்கிருந்து சென்றன. போலந்தின் விரோத்ஸ்வாஃப் நகரிலுள்ள ஹிர்ஸ்ஃபெல்ட் நிறுவனமும் இப்பணியைத் தொடர்ந்தது. அங்கு ஸ்டெஃபான் ஸ்லோபெக்கும் அவர்தம் குழுவினரும் நூற்றுக்கணக்கான நோயாளிகளின் விவரங்களை 1980-களில் வெளியிட்டனர்.

இவர்களின் பணி மேலைநாடுகளில் பெரிதும் அறியப்படவில்லை. நூல்கள் ரஷ்ய மொழியில் இருந்தன என்பது ஒரு காரணம். பனிப்போர்க் காலத்து ஐயப்பாடு மற்றொன்று. ஒப்பீட்டுக் குழுவை வைத்து ஆராயும் முறை பலவற்றில் இல்லாமையும் ஒரு குறையே. 1991-இல் சோவியத் ஒன்றியம் கலைந்தபின் திபிலீசி நிறுவனம் வறுமையுற்றது. மின்சாரம் அடிக்கடி தடைப்பட்டமையால், குளிர்பெட்டிகளில் பலகாலம் சேர்த்துவைத்த ஃபேஜ்கள் அழியும் நிலை ஏற்பட்டது. அங்குப் பணியாற்றியோர் அவற்றை அரிதின் முயன்று காத்தனர்.

2016-இல் அமெரிக்காவின் சான் டியேகோ நகரில் பேராசிரியர் டாம் பேட்டர்சன், எம்மருந்துக்கும் கட்டுப்படாத பாக்டீரியாவால் நினைவிழந்து கிடந்தார். அவர்தம் துணைவியார் ஸ்டெஃபானி ஸ்ட்ராத்டீ தொற்றுநோய் ஆய்வாளர். அவர் பழைய ஃபேஜ் ஆய்வுகளைத் தேடிப் படித்து, ஃபேஜ்களைத் திரட்டிவைத்திருந்த ஆய்வகங்களுக்கு எழுதினார். மருத்துவர் ராபர்ட் ஸ்கூலியின் பொறுப்பில் ஃபேஜ்கள் செலுத்தப்பட்டு பேட்டர்சன் பிழைத்தார். மேலை மருத்துவ உலகம் மீண்டும் திரும்பிப் பார்த்தது.

மாணவர்கள் சேர்த்த களஞ்சியம்

நம் வரலாற்றின் அடுத்த பகுதி மாணவர்களுக்கு உரியது. அமெரிக்காவின் பிட்ஸ்பர்க் பல்கலைக்கழகப் பேராசிரியர் கிரகம் ஹாட்ஃபுல், ஃபேஜ்களின் மரபமைப்பையும் பரிணாமத்தையும் ஆராய்பவர். உலகில் எத்தனை வகை ஃபேஜ்கள் உள்ளன, அவை ஒன்றோடொன்று எவ்வாறு உறவுடையன என்று அறிய ஏராளமான ஃபேஜ்கள் வேண்டும். அவற்றைத் திரட்டும் பணியை அவர் மாணவர்களிடம் ஒப்படைத்தார். 2008-இல் தொடங்கிய பெருந்திட்டம் ஒன்றின்வழிப் பல கல்லூரிகளின் முதலாண்டு மாணவர்கள் தத்தம் ஊர் மண்ணை அள்ளிவந்து, தீங்கற்ற மைக்கோபாக்டீரியா ஒன்றின்மீது அதனை இட்டுச் சோதித்தனர். பாக்டீரியா மடிந்து தெளிவான வட்டம் தோன்றினால் அங்கே ஃபேஜ் உள்ளது என்று பொருள். கண்டறிந்த மாணவரே அதற்குப் பெயரிடலாம். இவ்வாறு பல்லாயிரம் ஃபேஜ்கள் பிட்ஸ்பர்க்கின் உறைபெட்டிகளில் சேர்ந்தன. இவற்றால் யாருடைய நோயையும் தீர்க்கலாம் என்று அம்மாணவர்கள் எதிர்பார்க்கவில்லை. அறிதலே அவர்கள் நோக்கம்.

அத்தகைய பயிற்சியொன்று 2010-இல் தென்னாப்பிரிக்காவின் டர்பன் நகரில் நடந்தது. குவாசூலு-நட்டால் பல்கலைக்கழக மாணவி லில்லி ஹோல்ஸ்ட், அழுகிய கத்திரிக்காய் ஒன்றின் அடியிலிருந்து எடுத்த மாதிரியில் ஒரு ஃபேஜைக் கண்டார். அதற்கு 'மட்டி', அதாவது சேறுபடிந்தது, என்று பெயரிட்டார். அதுவும் உறைபெட்டிக்குச் சென்றது.

லண்டனின் சிறுமி

2017-இல் லண்டனின் கிரேட் ஆர்மண்ட் ஸ்ட்ரீட் குழந்தைகள் மருத்துவமனையில், சிஸ்டிக் ஃபைப்ரோசிஸ் உடைய பதினைந்து வயதுச் சிறுமிக்கு இரு நுரையீரல்களும் மாற்றப்பட்டன. அவளுடலில் மைக்கோபாக்டீரியம் அப்செஸஸ் என்னும் பாக்டீரியா நெடுநாளாகக் குடியிருந்தது. இது காசநோய்க் கிருமியின் உறவினம். மண்ணிலும் நீரிலும் வாழ்வது. இயல்பாகவே பல மருந்துகளுக்கு அடங்காதது. மாற்றுறுப்பை உடல் ஏற்பதற்காக நோய் எதிர்ப்பாற்றலைக் குறைக்கும் மருந்துகள் கொடுக்கப்பட்டபோது, அது அறுவைப் புண்ணிலும் கல்லீரலிலும் தோலிலும் பரவியது. மருத்துவர்களின் கையிருப்பு தீர்ந்தது.

ஃபேஜ் பற்றிப் படித்தறிந்த சிறுமியின் தாயார், அதனை முயன்று பார்க்கலாமா என்று மருத்துவர் ஹெலன் ஸ்பென்சரின் குழுவினரைக் கேட்டார். அவளுடைய பாக்டீரியாவும், அதே நிலையிலிருந்த மற்றொரு நோயாளியின் பாக்டீரியாவும் பிட்ஸ்பர்க்கிற்கு அனுப்பப்பட்டன. பொருந்தும் ஃபேஜைத் தேடும் பணி மாதக்கணக்கில் நீண்டது. அத்தேடல் முடியுமுன்பே மற்ற நோயாளி இறந்தார். பொருத்தம் தேடுவதற்கு ஆகும் காலமே இச்சிகிச்சையின் விலை என்பதை அம்மரணம் உணர்த்துகிறது.

சிறுமியின் பாக்டீரியாவுக்கு மூன்று ஃபேஜ்கள் கிட்டின. அவற்றுள் மட்டி ஒன்றே அவ்வாறே பயன்படத்தக்கதாயிருந்தது. ஸோஈஜே, பிபிஎஸ் என்னும் மற்ற இரண்டும் பாக்டீரியாவைக் கொல்லாமல் அதனுள் உறங்கிவிடும் இயல்புடையவை. அவ்வுறக்கத்திற்குக் காரணமான மரபணுவை நீக்கி, அவை தவறாது கொல்லுமாறு ஆய்வாளர்கள் திருத்தினர். ஒரே ஃபேஜுக்குப் பாக்டீரியா தப்பிவிடக்கூடும் என்பதால் மூன்றும் கலந்தே கொடுக்கப்பட்டன. 2018 ஜூனில் சிகிச்சை தொடங்கியது. ஒவ்வொரு ஃபேஜிலும் நூறு கோடித் துகள்கள் வீதம், நாள்தோறும் இருமுறை, நரம்பு வழியாகச் செலுத்தப்பட்டன. சில நாள்களில் அவள் வீடு திரும்பி அங்கேயே சிகிச்சையைத் தொடர்ந்தாள். அடுத்த ஆறு மாதங்களில் அறுவைப் புண் மூடியது. கல்லீரலின் செயல் சீரடைந்தது. தோலிலிருந்த கட்டிகள் மெல்ல ஆறின. 2019 மே மாதம் இச்செய்தி ஆய்விதழில் வெளிவந்தது. மரபணு திருத்தப்பட்ட ஃபேஜ்கள் மனிதருக்குச் சிகிச்சையாகச் செலுத்தப்பட்டது இதுவே முதன்முறை. அழுகிய கத்திரிக்காயில் கண்டெடுத்த ஃபேஜ் எட்டாண்டு கழித்து ஒரு குழந்தையின் குருதியில் ஓடியது.

எல்லையறிந்து போற்றுதல்

இதனை முழுவெற்றியென்று ஆய்வாளர்களே கூறவில்லை. ஒரே நோயாளியின் தேறுதல் ஒரு மருந்தை நிறுவாது என்றும், பாக்டீரியா முற்றாக நீங்கிவிடவில்லை என்றும் அவர்களே எழுதினர். அடக்கமான இந்நிலைப்பாடு 1920-களில் இருந்திருப்பின் வரலாறு வேறாகியிருக்கக்கூடும்.

பின்வந்த ஆய்வுகளும் நம்பிக்கையையும் எல்லையையும் ஒருங்கே காட்டின. மைக்கோபாக்டீரியத் தொற்றுடைய 20 நோயாளிகளுக்கு ஃபேஜ் கொடுத்துப் பார்த்ததில் 11 பேரிடம் நற்பயன் தெரிந்தது. ஃபேஜால் கடுந்தீங்கு எவருக்கும் நேரவில்லை. ஆயினும் சிலருடைய உடல் ஃபேஜையே அயற்பொருளாகக் கருதி எதிர்ப்பொருளை உண்டாக்கி அதனைச் செயலிழக்கச் செய்தது. பாக்டீரியாவின் சில வகைகளுக்குப் பொருந்தும் ஃபேஜே கிட்டவில்லை. அமெரிக்காவின் டென்வர் நகரில் 26 வயது இளைஞர் ஒருவருக்கு ஓராண்டுக்கு மேல் ஃபேஜ் கொடுக்கப்பட்டு, அவர் நுரையீரல் மாற்றுச் சிகிச்சை பெறும் நிலையை எட்டினார். அகற்றப்பட்ட பழைய நுரையீரலை ஆராய்ந்தபோது தொற்று அடங்கியிருந்தமை உறுதியாயிற்று. யேல் பல்கலைக்கழகத்தில் சூடோமோனாஸ் தொற்றுடைய ஒன்பது சிஸ்டிக் ஃபைப்ரோசிஸ் நோயாளிகள் ஃபேஜை நீர்த்தூவியாக மூச்சில் இழுத்தபோது, அவர்தம் சளியில் பாக்டீரியாவின் அளவு குறைந்தது.

மாறாக, தீப்புண் நோயாளிகளிடம் பிரான்சிலும் பெல்ஜியத்திலும் நடந்த ஒப்பீட்டாய்வு ஒன்றில் ஃபேஜ் மருந்து வழக்கமான மருந்தினும் மெதுவாகவே வேலைசெய்தது. தயாரித்தபின் குப்பியிலிருந்த ஃபேஜ்களின் எண்ணிக்கை பெரிதும் குறைந்துவிட்டது அதற்கொரு காரணம். 1930-களின் குப்பிகளில் கண்ட அதே குறை மீண்டும் தலைகாட்டியதை வரலாறு கற்போர் கவனிக்க வேண்டும்.

இனி நாம் தொடக்கத்தில் எழுப்பிய வினாக்களுக்கு விடை கூறலாம். ஃபேஜின் குறுகிய இலக்கே அதனைத் தோற்கடித்தது. எல்லாக் கிருமிகளுக்கும் ஒரே மருந்து என்னும் எண்ணம் மேலோங்கிய காலத்தில், ஒரு கிருமிக்கு ஒரு மருந்து என்பது குறையாகத் தோன்றியது. பல பாக்டீரியாக்களைக் கொல்லும் மருந்துகளுக்குப் பாக்டீரியாக்கள் பழகிவிட்ட காலத்தில், அக்குறையே நிறையாயிற்று. பூட்டுக்கேற்ற திறவுகோல் வேண்டுமெனில் திறவுகோல்கள் பல கைவசம் இருக்கவேண்டும். திபிலீசியில் மின்சாரம் போன நாள்களில் ஃபேஜ்களைக் காத்தோரும், விரோத்ஸ்வாஃபில் நோயாளிக் குறிப்புகளை எழுதிவைத்தோரும், தம் ஊர் மண்ணை அள்ளிவந்த மாணவர்களுமே அவற்றைச் சேர்த்துவைத்தவர்கள். அவர்களுள் பலர் தம் உழைப்பின் பயன் எங்குச் சென்று சேரும் என்று அறியாதவர்கள்.

தேர்வுக்கும் வேலைக்கும் உடனே பயன்படாத கல்வி எதற்கு என்னும் கேள்வியை ஆசிரியர்கள் வகுப்பறையில் அடிக்கடி எதிர்கொள்கிறோம். அக்கேள்வி எழும்போது, டர்பனில் ஒரு மாணவி பொறுமையோடு வடிகட்டி, பெயரிட்டு, குறிப்பெழுதி, உறைபெட்டியில் வைத்த அந்தச் சேற்றுத்துளியின் வரலாற்றை எடுத்துரைக்கலாம். அவர் அன்று அக்குறிப்பைப் பிழையின்றி எழுதியிராவிட்டால், எட்டாண்டுக்குப் பின் தேடியவர்களுக்கு அது கிட்டியிராது.